முந்நூறு கிராமுக்குள் ஒரு நாவல்

எங்கள் பதிப்பகத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் படியேறி வந்து மூச்சு வாங்கியதும் கேட்பது, "அச்சு மெஷின் எங்க இருக்கு?" என்றுதான். மெஷின் கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர், மூன்று பேர், சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்ட இரும்பு அலமாரிகள், அப்புறம் ஒரு தராசு. பாத்திரக்கடையில் வாங்கிய, வீட்டில் மாவு நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு. புதுப் புத்தகத்துக்குப் பக்கக் கணக்கு வந்ததும் அண்ணாச்சி (முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம், நாகர்கோவில்காரர்) அதே பக்க அளவுள்ள பழைய புத்தகம் ஒன்றை அலமாரியிலிருந்து உருவி, தபால் கவருக்குள் போட்டுத் தராசில் வைப்பார். 300-க்குக் கீழே நின்றால் சரி. போன மாதம் ஒரு நாவலுக்கு அப்படி வைத்தபோது 307 காட்டியது. லேஅவுட் செய்யும் அக்காவைத் திரும்பிப் பார்த்து, "எக்கா, எழுத்த ஒரு அரைப் பாயிண்ட் சுருக்குனா என்னா?" என்றார்.

இந்த 300 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் தபால் துறை பதிவு புக் போஸ்டை நிறுத்தியது. சின்னப் பதிப்பகங்கள் பல பத்தாண்டுகளாகக் குறைந்த செலவில் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்த வழி அது. அடுத்த சில மாதங்கள் நாங்கள் கூரியருக்கும் ஸ்பீடு போஸ்டுக்கும் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, 150 ரூபாய்ப் புத்தகத்துக்கு 60, 70 ரூபாய் அனுப்பும் செலவு. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. புத்தகத்தில் பதிப்பாளர் பெயரோ அச்சகத்தின் பெயரோ இருக்க வேண்டும், உள்ளே விளம்பரம் கூடாது. 'கியான்' என்றுதான் இந்தியில் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் தமிழில் எழுத்துக்கூட்டி 'ஞான்' என்று சொல்லப் போக, மலையாளம் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு அது 'நான் போஸ்ட்' என்று கேட்டுத் தொலைக்கிறது. கவுண்டரில் இருக்கும் அம்மாவே ஒருநாள் சிரித்துவிட்டார்.

300-ஐத் தாண்டினால் கூடுவது சில ரூபாய்தானே, அதற்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். கணக்கைப் பார்த்தால் புரியும். 240 பக்க நாவல், விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கோ விநியோகஸ்தருக்கோ கொடுத்தால் 40 சதவீதம் கழிவு, கைக்கு வருவது 180. எழுத்தாளருக்கு 10 சதவீதம், அதாவது 30. டிஜிட்டலில் 300 பிரதி மட்டும் அடிக்கும்போது ஒரு பிரதிக்கு அச்சு, பைண்டிங், ரேப்பர் (மேலட்டை) எல்லாம் சேர்த்து எங்களுக்கு 105 அளவில் ஆகிறது. மிச்சம் 45. அந்த 45-க்குள்தான் மெய்ப்பு (பிழைதிருத்தம்) பார்த்தவர், லேஅவுட் செய்தவர், ரேப்பர் வரைந்தவர், மாடி வாடகை, கரண்டு, என் சம்பளம் எல்லாம். அதே புத்தகத்தை வாசகர் ஜிபேயில் பணம் போட்டு நேரடியாக எங்களிடம் வாங்கினால், அவருக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்து, தபாலும் கவரும் எங்கள் தலையில் போட்டுக்கொண்டால்கூட 110 நிற்கும். நேரடியாக விற்கிற ஒரு பிரதி, கடை வழியாகப் போகிற இரண்டரைப் பிரதிக்குச் சமம். அதனால்தான் அந்தத் தராசு.

பக்கம் குறைந்தால் தாளும் குறையும் என்பது இன்னொன்று. அச்சுத் தொழிலில் 16 பக்கம் ஒரு பாரம். டெமி சைஸ் புத்தகத்துக்கு 23-க்கு 36 அங்குலத் தாள் ஒன்றில் இரண்டு பாரம், 32 பக்கம், விழும். 256 பக்கம் என்றால் எட்டுத் தாள், 240 என்றால் ஏழரை. 243 பக்கத்தில் ஒரு கதை முடிந்தால் அது எங்களுக்குக் கெட்ட செய்தி, மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரத்தின் பாதியையோ முழுதையோ இழுத்துவிடும். பின்னால் வெற்றுப் பக்கங்கள் வந்தால் எங்கள் மற்ற வெளியீடுகளின் பட்டியலைப் போட்டு நிரப்புவோம். புத்தகத்தின் கடைசியில் அந்தப் பட்டியலைப் பார்த்து 'எவ்வளவு புத்தகம் போட்டிருக்காங்க' என்று நினைக்கிறவர்கள் இனி வேறு மாதிரி நினைக்கலாம்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. சின்னப் பதிப்பகத்தில் வேலை பார்க்க ஆரம்பித்து எனக்குப் புரிய வந்த பெரிய விஷயம் வேறு. தமிழில் யாரும் புத்தகம் வாங்குவதில்லை, அதனால் பதிப்பகம் நொடிக்கிறது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். 300 பிரதி விற்றுவிடுகிறது, ஐயா. ஒரு வருடத்தில், மோசமாகப் போனால் இரண்டு வருடத்தில். சிக்கல், காசு வெளியே போகும் நாளுக்கும் திரும்பி வரும் நாளுக்கும் நடுவில் இருக்கிற தூரம். அச்சகத்துக்குப் பாதி முன்பணம், பண்டல் எடுக்கும்போது மீதி. மெய்ப்பு பார்ப்பவருக்கு அந்த மாதமே கொடுத்தாக வேண்டும், அவருக்கு வேறு வருமானம் இல்லை. கடைகளோ புத்தகத்தை விற்ற பிறகுதான் பணம் தரும், விற்றது எத்தனை என்று சொல்லவே மூன்று மாதம், சொன்ன பிறகு செக் வர மூன்று மாதம். ஒரு விநியோகஸ்தர், பெயர் வேண்டாம், ஒன்றரை வருடம் கழித்துக் கணக்கு முடித்தபோது பணத்தோடு சேர்த்து 40 பிரதி திரும்பி வந்தது. அதில் பாதி மூலை மடங்கி, விலை ஒட்டியின் பசை ரேப்பரில் ஒட்டி, விற்க முடியாத நிலையில். அந்த 20 பிரதியின் நட்டம், மேலே சொன்ன 45 ரூபாய்க் கணக்கில் எத்தனை பிரதியின் லாபத்தைத் தின்னும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்தக் காலதாமதத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் தமிழ்ப் பதிப்புலகில் விநோதமாகத் தெரிகிற பல விஷயங்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். ஏன் எல்லாப் புத்தகமும் டிசம்பர் கடைசியில் வருகிறது? ஜனவரியில் பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977-இல் தொடங்கிய அந்தக் காட்சிதான் கையில் ரொக்கம் வருகிற இடம். டிசம்பரில் அச்சகத்துக்குக் கொடுத்த காசு ஜனவரியில் திரும்பும், வருடத்தில் வேறு எந்த மாதத்திலும் இது நடக்காது. ஏன் முன்வெளியீட்டுத் திட்டம், புத்தகம் வரும் முன்பே பணம் கட்டுங்கள் என்று வாட்ஸாப்பில் ஓயாமல் செய்தி வருகிறது? வாசகரிடமே வட்டியில்லாக் கடன் வாங்குகிறோம், வேறென்ன. ஏன் முன்பு 1,200 பிரதி அடித்தவர்கள் இப்போது 200, 300 என்கிறார்கள்? வாசகர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை. ஆஃப்செட்டில் பிளேட் போட்டு மெஷினை ஓடவிடும் செலவு பிரதி கூடக் கூடத்தான் பரவும், அதனால் அன்று 1,000 அடித்தாக வேண்டும், மிச்சம் 700 அட்டத்தில் (பரணில்) கிடக்கும். டிஜிட்டல் வந்த பிறகு தேவைக்கு அடிக்கலாம். பிரதி ஒன்றுக்குச் செலவு அதிகம்தான், ஆனால் காசு அட்டத்தில் தூங்காது.

ஏன் இவ்வளவு பதிப்பகங்கள் எழுத்தாளரிடமே பணம் வாங்கிப் புத்தகம் போடுகின்றன என்பதும் இதே கதைதான். நாங்களும் செய்கிறோம், மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் ஊர்க் கிறிஸ்தவச் சபைகளின் நூற்றாண்டு மலர், பள்ளிக்கூட வெள்ளிவிழா மலர், குடும்ப வரலாறு, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் தன்வரலாறு என்று வருடம் முழுக்க வேலை வந்துகொண்டிருக்கும். பணம் முன்னாலேயே வரும், விற்கிற கவலை நமக்கில்லை. இரண்டு சபை மலர் ஒரு கவிதைத் தொகுப்பைத் தாங்கும் என்பது எங்கள் அலுவலகத்தின் எழுதப்படாத கணக்கு. இதில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு: புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று எழுத்தாளரிடம் தனியாகக் காசு வாங்குகிற சிலர். டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இணையவழியில் அதை இலவசமாகக் கொடுக்கிறது. கல்லூரி ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வுக்கு அந்த எண் வேண்டியிருப்பதால் கேட்ட காசைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மார்த்தாண்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்வது, சென்னையில் செய்வதைவிட எல்லா வகையிலும் ஒரு படி கூடுதல் சிரமம். திருவனந்தபுரம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் தமிழ்ப் புத்தக அச்சு, தாள் வியாபாரம், பைண்டிங் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கூடிக் கிடக்கிறது. பண்டல் லாரி பார்சலில் வரும், ஒரு நாள் மழை என்றால் இரண்டு நாள் தள்ளிப் போகும். ரேப்பரின் நிறம் திரையில் பார்த்த மாதிரி வந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க முடியாது, அச்சகத் தம்பி போனில் போட்டோ எடுத்து அனுப்புவான், போனில் எல்லா நிறமும் அழகாகத்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஓரத்துக்கு அச்சில் மூத்த பிள்ளை உரிமை இருக்கிறது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமாகச் சொல்லப்படும் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் வந்தது, சென்னை என்ற ஊரே உண்டாகாத காலம். அச்சான இடம் கொல்லம். அண்ட்ரிக் அடிகளார் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்காகப் போட்ட சின்ன ஜெபப் புத்தகம். மொத்தம் 16 பக்கம், எங்கள் கணக்கில் சரியாக ஒரு பாரம். பிறகு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன்காரர்கள் நாகர்கோவிலில் அச்சகம் வைத்தார்கள், சார்லஸ் மீட் காலத்தில். சுந்தர ராமசாமி 'காலச்சுவடு' இதழை 1988-இல் தொடங்கியது நாகர்கோவிலிலிருந்துதான். ஆக, சென்னைக்குப் போனால்தான் புத்தகம் போடலாம் என்பது இந்த மாவட்டத்தில் யாரும் நம்பி வளர்ந்த விஷயமில்லை.

நூலகக் கதைக்கு வருவோம், எல்லை என்பது எங்கே உறைக்கிறது என்றால் அங்கேதான். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்ப் பக்கம். 1945-இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார், அது வளர்ந்து இன்றைக்குக் கேரளத்தின் கிராமத்துக்குக் கிராமம் ஊர்க்காரர்களே நடத்துகிற வாசகசாலைகளாக நிற்கிறது. அரசு மானியம் தருகிறது, மாவட்ட நூலகக் கவுன்சில் புத்தகச் சந்தை நடத்துகிறது, ஒவ்வொரு வாசகசாலையிலிருந்தும் இரண்டு மூன்று பேர் பையோடு வந்து தங்கள் ஊருக்கு எது வேண்டுமோ அதைப் பொறுக்கி எடுத்துப் போகிறார்கள். எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டிய சில கிலோமீட்டரில் இதுதான் நடைமுறை. இந்தப் பக்கம் 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். இந்தியாவில் அந்த மாதிரிச் சட்டங்களுக்கு முன்னோடி, சொத்து வரியோடு நூலக வரி வசூலாகிறது, புத்தகம் வாங்குவது மையமாக. நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்கு வாங்கும் உத்தரவு, கிடைத்தால் ஒரே மூச்சில் சில நூறு பிரதி போகும், ஒரு பதிப்பகத்தின் வருடமே நேராகிவிடும். கிடைக்காவிட்டால் பூஜ்யம். நெடுங்காலம் அட்டையில் போட்ட விலைக்கு வாங்காமல் பாரக் கணக்கில் விலை வைத்துத்தான் வாங்கினார்கள், பணம் வர ஒரு வருடம், சில நேரம் அதற்கும் மேல். இப்போது விண்ணப்பம் இணையவழி ஆகியிருக்கிறது, அலைச்சல் குறைந்தது உண்மை.

எது நல்லது என்று சட்டென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டு முறை இல்லாவிட்டால் எத்தனையோ முதல் புத்தகங்கள் வந்தே இருக்காது. ஆனால் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி இருக்கும்போது, அவருக்குப் பிடிக்கிற மாதிரிப் புத்தகம் செய்யப் பழகிவிடுகிறோம். சர்ச்சை வேண்டாம், வட்டார வழக்கு ரொம்ப வேண்டாம், தலைப்பு பொதுவாக இருக்கட்டும் என்று யாரும் சொல்லாமலே நமக்குள் ஒரு குரல் வந்துவிடும். அந்தப் பக்கத்து வாசகசாலை அண்ணன்களுக்கு ஒரு பதிப்பாளர் ஒரே புத்தகத்தை ஆயிரம் முறை விற்க வேண்டியிருக்கிறது, வேலை கூடுதல், ஆனால் ஒருவர் வேண்டாம் என்றால் குடி முழுகிப் போகாது.

வட்டார வழக்கு என்றதும் மெய்ப்பு ஞாபகம் வருகிறது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான், அதிகம் ரத்தம் கொதிப்பதும் அதில்தான். தொடக்கத்தில் சென்னையில் ஒருவரிடம் மெய்ப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம், நல்ல இலக்கணம் தெரிந்தவர், ஒற்று ஒன்றுகூடத் தப்பாது. விளவங்கோடு பக்கத்துக் கதை ஒன்றை அனுப்பினோம். அதில் ஒரு கிழவி "எனக்கு ஓர்மை இல்ல மக்ளே" என்பாள். ஓர்மை என்றால் ஞாபகம். திரும்பி வந்தபோது 'ஒருமை இல்ல' என்று இருந்தது. மத்தியானம் வேலை முடிந்து வந்தவன் வெள்ளம் குடித்தான் என்ற வரிக்கு ஓரத்தில் கேள்விக்குறி, 'வெள்ளத்தை எப்படிக் குடிப்பது?' எங்களுக்குத் தண்ணீர்தான் வெள்ளம். சக்கை என்றால் பலா, அவர் அதைப் பிழிந்த மிச்சம் என்று புரிந்துகொண்டு ஒரு பத்தியையே சுருக்கியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் கதையில் வரும் பெண்கள் அண்டியாபீஸில் வேலை பார்க்கிறவர்கள். கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) உடைக்கிற ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கதை முழுக்க அதை 'ஆண்டி ஆபீஸ்' என்று திருத்தியிருந்தார், 23 இடத்தில். சாமியார்களுக்கு ஆபீஸ் எதற்கு என்று அவருக்குத் தோன்றவே இல்லை போல.

அவரைக் குறை சொல்லி என்ன. சொல் அகராதியில் இருக்கிறதா என்று பார்ப்பது மெய்ப்பு பார்ப்பவரின் தர்மம். அதற்குப் பிறகு கதைக்கு ஒரு சொல்பட்டியல் நானே தயாரித்து, 'இவற்றைத் தொட வேண்டாம்' என்று எழுதி, கூடவே அனுப்பும் வழக்கம் வந்தது. பட்டியல் இப்போது 400 சொல்லைத் தாண்டிவிட்டது. மலையாளத்திலிருந்து வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் கிடந்ததா என்று அண்ணாச்சியும் அக்காவும் சாயங்காலம் கட்டன் சாயா குடித்துக்கொண்டே அடித்துக்கொள்வார்கள். சமயத்தில் நான் மெய்ப்பு பார்த்ததிலும் தப்பு வந்திருக்கிறது. ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் 'முன்னூறு ஆண்டு வரலாறு' என்று போய்விட்டது. முந்நூறுதான் 300. முன்னூறு என்றால் முன்னால் வந்த நூறு. உள்ளே 200 பக்கத்தைச் சலித்து எடுத்தவன், பின்னட்டையை ரேப்பர்தானே என்று விட்டுவிட்டேன். யாரோ ஒரு தமிழாசிரியர் திண்டுக்கல்லிலிருந்து போஸ்ட் கார்டு போட்டார்.

எழுத்துரு தொல்லை வேறு. பழைய புத்தகங்களின் கோப்பெல்லாம் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் இருக்கிறது, மறுபதிப்புக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், ஸ்ரீ காணாமல் போகும். யூனிகோடில் அடித்தாலும் வரி உடையும் இடத்தில் புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் போய் உட்காராமல் அக்கா ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்ட புத்தகங்களை நீங்கள் வாசித்திருப்பீர்கள்.

அப்புறம் மழை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் எங்களுக்கு உண்டு, ஜூனில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை. ஊருக்குக் கொடுப்பினை, தாளுக்கு எமன். ஈரத்தைக் குடித்த தாள் உப்பும், மேட் லேமினேஷன் போட்ட அட்டை படகு மாதிரி மேலே வளையும். அலமாரி சுவரிலிருந்து தள்ளி நிற்பதும், அடித்தட்டு காலியாக இருப்பதும், பண்டலுக்கு அடியில் பலகை கிடப்பதும் அதற்காகத்தான். ராமபாணப் பூச்சிக்கு ரசகற்பூர உருண்டை. ஒரு ஜூலையில் ஓட்டு இடுக்கில் ஒழுகி இரண்டு பண்டல் நனைந்தது, கவிதைப் புத்தகம். மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொன்றாக விரித்து உலர்த்தியதில் நான் அந்தக் கவிதைகளை மனப்பாடமே செய்துவிட்டேன். கவிஞருக்கு அதைச் சொன்னபோது, 'அப்ப ஒரு வாசகன் கிடைச்சாச்சு' என்றார்.

வேலை என்று பார்த்தால் மெய்ப்பு, பில், பார்சல், போன், திரும்பவும் பார்சல். 1954-ஆம் வருடச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி என்று நான்கு பிரதி எங்கள் செலவில் அனுப்ப வேண்டும், அதற்கும் நான்தான் கவர் ஒட்டுகிறேன். எழுத்தாளரோடு ஒப்பந்தம் போடுவதையும் நான் வந்த பிறகுதான் கட்டாயமாக்கினோம். உரிமையை எழுத்தில் கொடுத்தால்தான் செல்லும், எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. வாய்ப்பேச்சில் கொடுத்து, எழுத்தாளர் காலமான பிறகு பிள்ளைகளும் பதிப்பாளரும் ஆளுக்கொரு கதை சொல்கிற வழக்கு இந்தத் துறையில் ஏராளம். மூத்த எழுத்தாளர்களிடம் தாளை நீட்டினால் 'என்மேல நம்பிக்கை இல்லையா தம்பி' என்பார்கள். நம்பிக்கை இருக்கிறது, ஐயா, கையெழுத்தும் போடுங்கள்.

307 கிராம் நாவலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எழுத்தை அரைப் பாயிண்ட் சுருக்கியதில் பத்துப் பக்கம் போனது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று விட்டிருந்த வெற்றுப் பக்கங்களை எடுத்ததில் இரண்டு. 256 பக்கத்தை 240 ஆக்க இன்னும் நாலு பக்கம் குறைய வேண்டும். கதையில் ஒரு வரி குறைக்க மாட்டேன் என்று எழுத்தாளர் சொல்லிவிட்டார், நியாயம்தான். கடைசியில் அவரே ஐந்து பக்க என்னுரையை ஒரு பக்கமாக்கிக் கொடுத்தார். 240 பக்கம், கவரோடு 290 கிராம். வெட்டுப்பட்ட நாலு பக்கத்தில் லேஅவுட் செய்த அக்காவுக்கு நன்றி சொன்ன இரண்டு வரியும் இருந்தது. அந்தப் பக்கங்களை நீக்கியது அக்காதான், எதுவும் சொல்லவில்லை, தராசை அணைத்து மேசையறைக்குள் வைத்துவிட்டு ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.